இரண்டு டிகிரி

2010 ஜூலை. தில்லியில் எங்கள் வீட்டு டிவியில் தமிழ் திடீரென்று நின்று போனது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இந்தியில் 'பானி' தவிர ஒரு வார்த்தை தெரியாது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத்துணை அந்தப் பெட்டிதான். மூன்றாம் நாள், "ஊருக்கு டிக்கெட் போட்டுருடா" என்றாள்.

கோளாறு வானத்தில். 2007 மார்ச்சில் ஏவிய இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளில் சிக்கல். மின்சாரம் குறைந்ததால் டிரான்ஸ்பாண்டர்களில் ஏறக்குறைய பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. எங்கள் தமிழ் சானல்கள் 93.5 டிகிரி கிழக்கிலிருந்து, 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறின. டிஷ் மட்டும் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் கோள் ஒன்றை நிறுத்தினால் அது ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும், அங்கிருந்து உலகுக்கே ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் கிளார்க் 1945-லேயே எழுதிவிட்டார் (பின்னாளில் கொழும்பில் குடியேறியவர்). 1975 ஆகஸ்டில் நாசாவிடம் ஓராண்டுக்குக் கடன் வாங்கிய ஏடிஎஸ்-6 வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி போனது. கோழிக்கூண்டுக் கம்பிவலையில் செய்த பத்தடி டிஷ்கள்! அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. அன்று கோள் நின்றது ஆப்பிரிக்காவுக்கு மேலே, 35 டிகிரியில். ஆகவே அந்த டிஷ்கள் தென்மேற்கைப் பார்த்தன.

1993-ல் தனியார் தமிழ் சானல் வந்தும் வடக்கே இருந்த நமக்கு கேபிள்காரர் தயவு வேண்டும். தெருவில் தமிழ் வீடுகள் எத்தனை என்று எண்ணித்தான் அவர் சானல் கொடுப்பார். வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் வந்த பிறகுதான் ஒற்றைத் தமிழ்க் குடும்பத்துக்கும் தமிழ் கிடைத்தது.

சரி, மாடிக்கு வருவோம். பி.காம். படித்த எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட் இரண்டே பக்கம். இங்கே மூன்று கோணம்: திசை, ஏற்றம், எல்.என்.பி.யின் சாய்வு. தில்லியில் 93.5-க்கு டிஷ் தென்கிழக்கே சுமார் 52 டிகிரி உயரம் பார்க்க வேண்டும். சென்னையில் 68. நிமிர்ந்து நிற்பதுபோலத் தெரிகிற டிஷ், உண்மையில் அதைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்தைப் பார்க்கிறது. டிஷ்ஷைவிடப் பத்தடி உயர்ந்த சுவர் எதிரே இருந்தால், சென்னையில் நாலடி தள்ளி இருந்தால் போதும். தில்லியில் எட்டடி வேண்டும்.

புது இடத்துக்கு டிஷ்ஷைத் தெற்கே மூன்று டிகிரி சொச்சமும் மேலே ஒரு டிகிரியும் திருப்ப வேண்டும். மெக்கானிக் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நானே ஸ்பானரோடு ஏறினேன். கீழே அம்மா திரையைப் பார்த்து "இல்லடா... இல்லடா..." என்று குரல் கொடுக்க, நூலளவாகத் திருப்பினேன். எவ்வளவு திருப்பியும் சிக்னல் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், முன்பு விலகியிருந்த பக்கத்துக் கட்டிடத் தண்ணீர்த் தொட்டி இப்போது பாதையில் நிற்கிறது! டிஷ்ஷைக் கழற்றி மறு மூலையில் மாட்டினேன்.

சாயங்காலம் கீழிருந்து சத்தம்: "வந்துடுச்சுடா! திருப்பாதே, அப்படியே வை!"

டிக்கெட் பேச்சு அதன்பின் எழவில்லை. தீபாவளி வரை இருந்துவிட்டுத்தான் போனாள்.