பீரங்கிக் கருவியிற் பிறந்த ஓவியம்

யந்திரம் மனிதனைக் கெடுத்ததெனப் புலம்புவோர் எக்காலத்தும் உளர். கணக்குக்கும் கலைக்கும் வெகுதூரம் என்போரும் உளர். இவ்விரு கூற்றும் பொருந்தாதவை என்பதை அமெரிக்கச் சகோதரர் இருவரின் வரலாறு நன்கு விளக்கும். மூத்தவர் 1917-ம் ஆண்டிற் பிறந்த ஜான் விட்னி. இளையவர் 1921-ல் பிறந்த ஜேம்ஸ் விட்னி.

கதையும் நடிகருமின்றிப் படம் உண்டோ எனச் சிலர் வினவலாம். இசைக்குக் கதை வேண்டுமா? ஒலிகள் ஒழுங்குபட எழுந்து இன்பம் பயக்குமாயின், வடிவங்களும் வண்ணங்களும் ஒழுங்குபட அசைந்து இன்பம் பயத்தலும் கூடுமன்றோ? இதுவே அவர்கள் கொள்கை. 1943, 1944-ம் ஆண்டுகளில் இருவரும் ஐந்து பயிற்சிப் படங்களை ஆக்கினர். அவற்றின் ஒலியை எவ்வாத்தியமும் எழுப்பவில்லை. ஊசல்களின் ஆட்டத்தைப் படச்சுருளில் ஒளியாற் பதித்தே அதனை உண்டாக்கினர்.

உலக யுத்தம் முடிந்தது. பறக்கும் விமானம் அடுத்து எங்கிருக்குமெனக் கணக்கிட்டுப் பீரங்கியைத் திருப்பிய கருவிகள் பழைய சாமான்களாக விலைக்கு வந்தன. அவற்றுள் எம்-5 என்பதை ஜான் வாங்கினார். குண்டுக்குக் குறி வகுத்த அதே பொறியமைப்பைக் கொண்டு ஓவியங்களைக் காமிராவின் முன் அளவறிந்து சுழலச் செய்தார். 1961-ல் உருவான 'கேட்டலாக்' என்னும் படம் அம்முயற்சியின் விளைவாகும். தமையனார் அமைத்த கருவியைத் துணைக்கொண்டு ஜேம்ஸ் ஆக்கிய 'லாபிஸ்' 1966-ல் நிறைவெய்தியது. நுண்ணிய புள்ளிகள் வட்டமாய்க் குவிந்து, கலைந்து, மீண்டும் விரியும் காட்சி அது.

அவ்வாண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் ஜானுக்குத் தன் கணிப்பொறியைப் பயன்படுத்த வாய்ப்பளித்தது. 1968-ல் 'பெர்முடேஷன்ஸ்' தோன்றியது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தன் வேகத்திற் செல்லும். சிதறியவை போலத் தோன்றுபவை குறித்த கணத்தில் ஒன்றுகூடி அழகிய உருவமாகும். 1975-ல் 'அரபெஸ்க்' வெளிவந்தது. அதற்கு வேண்டிய நிரலை லாரி க்யூபா எழுதினார்.

"பொறி வரைந்தால் கலைஞன் எங்கே?" என்பர். புள்ளிக்கு விதி வகுத்தவன் மனிதன். பிறந்த உருவங்களுள் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் தேர்ந்தவனும் மனிதனே. வீணை தானே பாடுவதில்லை.

ஜேம்ஸ் 1982-லும் ஜான் 1995-லும் மறைந்தனர். கணிப்பொறிச் சித்திரம் இன்று உலகெங்கும் பரவி நிற்கிறது. விமானத்தை வீழ்த்த வந்த கருவி கண்ணுக்கு விருந்தாயிற்று. கருவியின் குணம் மாறவில்லை, அதனை ஏந்திய கையின் நோக்கமே மாறிற்று. அறிவியலைப் பழிப்பவர் முதலில் தம் நோக்கத்தை ஆராய்வாராக!