செங்கல் சூளையிலிருந்து கணினி மாதிரி வரை: நம் ஊரில் கட்டடம் வரையக் கற்ற கதை



கிள்ளானைச் சேர்ந்த என் முன்னாள் மாணவன் ஒருவன் ஒரு கல்லூரியில் கட்டடத் துறை டிப்ளோமா படிக்கிறான். பள்ளியில் ஓவியத்தில் கெட்டிக்காரன். ஒருநாள் இரவு அவனிடமிருந்து குரல்பதிவு வந்தது. “டீச்சர், இந்த ரெவிட் எனக்கு வரவே மாட்டேங்குது. ஆட்டோகேட் நல்லா செய்வேன். இதுல சுவர் ஒரு பக்கம் நிக்குது, கூரை ஒரு பக்கம் நிக்குது. படிப்ப நிறுத்திடலாமான்னு யோசிக்கிறேன்.”

“பயிற்சி செய்யப்பா, வந்துடும்” என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு எனக்கே அது வெறும் பேச்சாகப் பட்டது. அவன் எதைப் படிக்கிறான் என்றே தெரியாமல் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. பெயரிலேயே செங்கல்

நாம் தோசை சாப்பிடவும் பூமாலை வாங்கவும் போகும் பிரிக்பீல்ட்ஸ், பெயரிலேயே செங்கல்லைச் சுமந்து நிற்கிறது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகள் அழிந்தன. 1882-இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கான சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். யாப் ஆ லோய் அங்குச் செங்கல் தொழிலைத் தொடங்கியதாக வரலாறு சொல்கிறது.

1886-இல் கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கம் இணைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. தண்டவாளத்தில் உழைத்த தமிழகத் தமிழர்களும், அலுவலகத்திலும் தொழில்நுட்பப் பிரிவிலும் பணிபுரிந்த இலங்கைத் தமிழர்களும் அங்கு வாழ்ந்தனர்.

2. ஒரு கட்டடம், பல கைகள்

டத்தாரான் மெர்டேக்காவுக்கு எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1894-இல் தொடங்கி 1897-இல் முடிந்தது. சுமார் 40 இலட்சம் செங்கற்கள் பயன்பட்டதாகக் கூறப்படுகிறது. யார் வடிவமைத்தது என்று கேட்டால், நெடுங்காலம் ஏ.சி. நார்மன் என்ற ஒரு பெயரைத்தான் சொன்னார்கள். நடந்தது வேறு. நார்மனின் முதல் வரைபடம் மாநிலப் பொறியாளர் சார்லஸ் எட்வின் ஸ்பூனருக்குப் பிடிக்கவில்லை. இலங்கைப் பொதுப்பணித் துறையிலிருந்து இங்கு வந்தவர் அவர். இஸ்லாமியப் பாணி வேண்டும் என்றார். ஆர்.ஏ.ஜே. பிட்வெல் அதை மாற்றி வரைந்தார். பிறகு தலைமை வரைவாளராக வந்த ஏ.பி. ஹப்பெக்கும் அதில் கைவைத்தார். இதே ஹப்பெக்தான் 1910-இல் கட்டி முடிந்த கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்தவர்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். கணினி இல்லாத காலம். ஒரு சன்னலை அரை அடி நகர்த்தினால் தரைப்படம், முகப்புப்படம், வெட்டுத்தோற்றம் எல்லாவற்றையும் கையால் திருத்த வேண்டும். ஒரு தாளில் திருத்தி இன்னொரு தாளில் மறந்துவிட்டால், பிழை தெரிவது கட்டுமானத் தளத்தில்தான். செங்கல் எத்தனை, சுண்ணாம்பு எவ்வளவு என்பதையும் தாளைப் பார்த்துக் கையால்தான் கணக்கிட்டார்கள்.

இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் தேவைப்பட்டது. 1904-இல் கோலாலம்பூர் நகராட்சிக் கட்டடத்தில் ரயில்வே, பொதுப்பணித் துறைகளின் தொழில்நுட்ப உதவியாளர்களுக்காக ஒரு வகுப்பு தொடங்கியது. 1906-இல் அது டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளியானது. 1946-இல் தொழில்நுட்பக் கல்லூரி. 1975-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது நாம் சொல்லும் யூ.டி.எம். ஒரு சிறு வகுப்பு பல்கலைக்கழகமாக வளர்ந்த கதை இது.

3. கோடு போய், பொருள் வந்தது

1975-இல் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் ஒரு கட்டுரை எழுதினார். கட்டடத்தைப் பல தாள்களில் வரைவதற்குப் பதில், கணினியில் ஒரே மாதிரியாக வைத்துக்கொண்டால் என்ன? ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படங்களும் தாமே மாறுமே! இதுதான் அவருடைய யோசனை.

1982-இல் வந்த ஆட்டோகேட் வரைபலகையைக் கணினிக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் அதில் வரைந்தவை பெரும்பாலும் கோடுகளே. அதே பத்தாண்டில் ஹங்கேரியில் பிறந்த ஆர்க்கிகேட், ஈஸ்ட்மனின் யோசனைக்கு நெருங்கி வந்தது. 2000-இல் ரெவிட் வெளிவந்தது. 2002-இல் அதை ஆட்டோடெஸ்க் வாங்கியது. இந்த முறையின் பெயர்தான் கட்டடத் தகவல் மாதிரியாக்கம்; சுருக்கமாக ‘பிம்’.

ஆட்டோகேட்டில் சுவர் என்பது இரண்டு கோடு. ‘பிம்’ மென்பொருளில் சுவர் என்றால் சுவர்தான். அதற்குத் தடிமன் உண்டு, உயரம் உண்டு, உள்ளே செங்கல், வெளியே பூச்சு என்ற அடுக்குகள் உண்டு. கதவு சுவரைச் சார்ந்து நிற்கும். சுவரை நீக்கினால் கதவும் போய்விடும். எத்தனை கதவு என்று கேட்டால் பட்டியல் போட்டுத் தரும். குளிர்சாதனக் குழாய் உத்தரத்தில் இடிக்கிறதா என்பதையும் கட்டுவதற்கு முன்பே காட்டிவிடும்.

4. மலேசியாவில்

பொதுப்பணித் துறை 2007-இல் இதற்கென ஒரு குழு அமைத்தது. புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் அரசாங்கத்தின் முன்னோடித் திட்டங்களுள் ஒன்று. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் கோலாலம்பூரில் பயிற்சி மையம் திறந்தது. 2019 முதல் 100 மில்லியன் ரிங்கிட்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள அரசாங்கத் திட்டங்களில் ‘பிம்’ வேண்டும் என்ற நிலை வந்தது. நாம் இப்போது ஏறும் புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடமும் இந்த முறையில் உருவானதே. கல்லூரிகள் இதைப் பாடமாக வைத்திருப்பதற்குக் காரணம் புரிகிறதல்லவா?

5. அவனுக்கு ஏன் வரவில்லை?

இவ்வளவும் படித்த பிறகு அவனை மறுபடி அழைத்தேன். “நீ கோடு போடப் பழகியவன். இது உன்னிடம் கேள்வி கேட்குது. சுவர் எங்கே தொடங்குது, எதன் மேல் நிக்குது, எதுவரை போகுதுன்னு. உனக்கு விடை தெரியலன்னா அது தப்பாத்தான் நிக்கும். உன் அப்பாகிட்ட கேட்டியா?”

அவன் அப்பா இருபது வருடமாகக் கொத்தனார். அவன் கேட்டதே இல்லை. “அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது டீச்சர்” என்றான். கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம், வீடு தெரிந்தால் போதும் என்றேன்.

அந்த வார இறுதியில் அப்பாவும் மகனும் அளவு நாடாவோடு தங்கள் வீட்டையே அளந்தார்கள். சுவர் உத்தரத்தின் அடிவரைதான் போகும், கூரைவரை அல்ல என்று அப்பா காட்டியிருக்கிறார். சன்னலுக்கு மேலே விட்டம் எதற்கு என்றும் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டையே மாதிரியாகச் செய்து கல்லூரியில் காட்டினான். மதிப்பெண் நடுத்தரம்தான். ஆனால், படிப்பை நிறுத்தும் பேச்சை அதன்பின் அவன் எடுக்கவில்லை.

6. தேர்வு எழுதுவோருக்கு

தொழில்நுட்ப வளர்ச்சி பற்றிக் கட்டுரை வந்தால், ‘கணினி மனிதனின் வேலையைப் பறிக்கிறது’ என்ற பழைய வரியோடு நிறுத்திவிடாதீர்கள். நம் ஊர்ச் சான்று ஒன்றைக் கொடுங்கள்: செங்கல் சூளை, கைவரைபடம், ஆட்டோகேட், ‘பிம்’ என்ற வரிசையை ஆண்டுகளோடு எழுதலாம். கருவி மாறினாலும் தொழிலறிவு தேவை என்பதை முடிவாக வைக்கலாம். ‘கட்டடம்’ என்றே எழுதுங்கள், ‘கட்டிடம்’ வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னாள் மாணவர் உதவி கேட்டு அழைத்தால், அது நம் பாடம் இல்லை என்று ஒதுங்காதீர்கள். அவர் என்ன படிக்கிறார் என்று ஒரு மணி நேரம் படித்துப் பாருங்கள். பதில் ஒருவேளை அவர் வீட்டிலேயே இருக்கலாம். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.