கண்டி யானைகளும் மயக்க ஊசியும்

கண்டியில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை வளாகத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருக்கும் ராஜா என்ற கொம்பன் யானை கண்டியில் பிறந்ததன்று. 1925ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பக்கத்து ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டது. பிடித்தவர்கள் ஏறாவூர்ப் பணிக்கர்கள். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்த அவர்களுக்கு யானை பிடிப்பது பரம்பரைத் தொழில். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, ஓசைப்படாமல் யானையின் பின்னால் நெருங்கி, தோலில் திரித்த வார்க்கயிற்றின் சுருக்கைப் பின்னங்காலில் மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். கை தவறினால் ஆள் மிஞ்சமாட்டான். பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தன் நூலில் இந்தப் பணிக்கர்களின் திறமையை வியந்து எழுதியிருக்கிறார்.

இப்படிப் பிடிபட்ட ராஜா 1937இல் மாளிகைக்கு வழங்கப்பட்டது. எசல பெரஹரா ஊர்வலத்தில் பல்லாண்டுகள் புனிதப் பேழையைச் சுமந்து, 1988 ஜூலை 16ஆம் திகதி இறந்தது.

கண்டி அரசுக்கு யானை வெறும் ஊர்வல அலங்காரமாக இருந்ததில்லை. அரசனின் யானைகளைப் பார்த்துக்கொள்ளத் தனித் துறையே இருந்தது. அதன் தலைவரான கஜநாயக்க நிலமேயின் பதவி இன்றும் இருக்கிறது; அந்தப் பதவியில் இருப்பவர் பெரஹராவில் கையில் அங்குசத்தோடு வருகிறார். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், பழக்கிய பெண் யானைகளைக் காட்டுக்குள் விட்டுக் கொம்பன்களை மயக்கி அழைத்துவரும் முறையை 1681இல் வந்த தன் நூலில் விவரிக்கிறார். பிடித்த யானையைக் கட்டுப்படுத்தக் கயிறும் சங்கிலியும் அங்குசமும் இருந்தன. எந்த வர்மப் புள்ளியில் அழுத்தினால் நிற்கும், எதில் தொட்டால் மண்டியிடும் என்ற அறிவும் பாகர்களிடம் இருந்தது. அந்த அறிவைக் குறைத்து எண்ணக்கூடாது. காயத்துக்கு மருந்து வைக்கவும் நகம் சீவவும் பல தலைமுறைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மதம் பிடித்தால் மட்டும் அது எதுவும் எடுபடாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பி கசியத் தொடங்கிவிட்டால், பத்து வருடம் சோறூட்டிய பாகனையே யானை தூக்கி எறியும். மரத்தில் சங்கிலியிட்டுக் கட்டி, தீனியைக் குறைத்து, வாரக்கணக்கில் காத்திருப்பதே வழக்கம். சங்கிலி பட்ட இடம் புண்ணாகிப் புழுத்தாலும் யாரும் கிட்டப் போக முடியாது. அறுத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தால் கடைசியில் துப்பாக்கிதான்.

காட்டு யானைக் கூட்டத்தை அடைப்புக்குள் விரட்டிப் பிடிக்கும் யானை வளைப்பு இலங்கையில் கடைசியாக 1950இல் பனாமுறையில் நடந்தது. அதில் ஓர் ஆண் யானை சுட்டுக் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கியது. இரத்தமும் கூச்சலும் இல்லாமல் யானையை நிறுத்த வேறு வழி வேண்டும் என்ற தேவை அப்போதே கண்முன் இருந்தது. வழி வந்தது தூரத்திலிருந்து. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெக்கிட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் எட்டோர்ஃபின் என்ற மருந்து உருவானது. மோர்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான வீரியம் கொண்டது. தென்னாபிரிக்காவின் நேட்டாலில் வெள்ளைக் காண்டாமிருகங்களை இடம்மாற்ற அதைப் பயன்படுத்தினார்கள். இலங்கை யானைகளில் அதைப் பரிசோதித்த கிரே, நெத்தசிங்க ஆகியோரின் கட்டுரை 1970இல் வெளியானது.

அடுத்த ஆண்டே பேராதனை முன்னுக்கு வந்தது. பல்கலைக்கழக மிருக வைத்தியர்களான ஜெய்னுதீன், அரிஃப் பொங்சோ, பெரேரா மூவரும், மூர்க்கம் கொண்ட வேலை யானைகளை மருந்தால் அசையாமல் நிறுத்துவது பற்றி பிரிட்டனின் மிருக வைத்திய இதழில் 1971இல் எழுதினார்கள். 1972இல் ஜெய்னுதீன் வேறு இருவருடன் சேர்ந்து, மதகாலத்தில் யானையின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் பன்மடங்கு ஏறுவதை அளந்து காட்டினார். ராஜாவின் பெயர் தெரியாத கண்டிக்காரர் இல்லை. இந்த மருத்துவர்களின் பெயர்களும் அதற்குப் பக்கத்தில் சொல்லப்பட வேண்டியவை.

ஏனென்றால், யானைக்கு மயக்க ஊசி போடுவதைவிட, போட்டபின் உயிரோடு எழுப்புவது கடினம். மற்றப் பாலூட்டிகளுக்கு நுரையீரலைச் சுற்றி ஓர் இடைவெளி உண்டு. யானைக்கு அது கிடையாது. நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு இழைகளால் ஒட்டியிருக்கிறது. மூச்சு விட நெஞ்சும் உதரவிதானமும் தாராளமாக அசைய வேண்டும். மருந்தேறிய யானை நெஞ்சு தரையில் படக் குப்புறச் சரிந்தால், குடலின் பாரம் முழுவதும் உதரவிதானத்தை அமுக்கிவிடும். உடனே கயிறு போட்டு இழுத்துப் பக்கவாட்டில் சாய்க்காவிட்டால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். தும்பிக்கை உடம்புக்கு அடியில் மடங்கிவிடக்கூடாது. வெயிலில் உடல் கொதிக்காமல் இருக்கக் காதுகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் தும்பிக்கை நுனியில் கைவைத்து மூச்சை எண்ண வேண்டும். மயக்கத்தைத் தெளிவிக்கும் எதிர்மருந்தைச் செலுத்துவதற்குக் காதின் பின்பக்கத்து இரத்தக்குழாய்தான் வசதி.

ஊசி போடுபவருக்கும் ஆபத்து இருந்தது. எட்டோர்ஃபின் ஒரு துளி கையில் இருக்கும் கீறலில் பட்டாலே மனிதனின் மூச்சு நின்றுபோகலாம். அதனால் அதைத் தனியாளாகக் கையாளக் கூடாது என்பது விதி. எதிர்மருந்தைச் செலுத்தத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.  

பொங்சோ 1979இல் சைலசீன் பற்றி எழுதிய கட்டுரை இந்த இடத்தில் முக்கியமானது. 1962இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் கண்டுபிடித்த மருந்து இது. அளவாகக் கொடுத்தால் யானை விழாமல் நின்றபடியே கிறங்கும். தும்பிக்கை தளர்ந்து தொங்கும். விழாத யானைக்குக் குப்புறச் சரியும் ஆபத்தும் குறைவு. சீழ்க்கட்டியைக் கீறவும் சங்கிலிப் புண்ணைக் கழுவவும் அந்த நேரம் போதும். 1980இல் அவரே யானைகளை விமானத்தில் கொண்டுசெல்ல இதே மருந்தைப் பயன்படுத்துவது பற்றி எழுதினார். பின்னர் சிங்கப்பூர் சென்ற பொங்சோ, 1994இல் மனிதக் கருவின் மூலக்கலங்களைப் பிரித்தெடுத்தவராக உலகப் புகழ் பெற்றார்.

அளவாகக் கொடுப்பதற்கு எடை தெரிய வேண்டும். நாலாயிரம் கிலோ உருவத்தைக் காட்டில் எந்தத் தராசில் ஏற்றுவது? இதற்கான பதில் பாகர்களிடம் பழைய காலத்திலிருந்தே இருந்தது: முன்னங்கால் பாதத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால், ஏறக்குறைய யானையின் தோள் உயரம். உயரத்தைக்கொண்டு எடையைக் கணிக்கலாம், எடையைக்கொண்டு மருந்தைக் கணிக்கலாம். கிட்டப் போக முடியாத யானை என்றால், ஈர மண்ணில் அது விட்டுப்போன சுவட்டை நூலால் அளந்தாலே போதும்.