நிலத்தடிக் கதிரியக்கக் கழிவு வைப்பு: பாதுகாப்பு மதிப்பீடு

அணுக்கழிவை ஆழ்பாறையில் நிரந்தரமாக அடக்கிவைக்கும் முறையின் க்ஷேமத்தை, புளூட்டோனியம்-239 தன் அளவில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,100 ஆண்டுகள் செல்லுமாதலால், நேரில் பரிசோதித்து முடிவுகட்ட இயலாது. உஷ்ணம், நீர், பாறையின் அசைவு ஆகியவற்றைச் சில ஆண்டுகள் அளந்து, கணித மாதிரிகளின் துணையால் எதிர்காலத்தை அனுமானிப்பதே இவ்வாராய்ச்சியின் சுபாவம். இவற்றுள் பிரதானமானது நீர். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலிருந்து கிணற்றில் நீர் ஊறுவதைக் கண்ட விவசாயிக்கு, பாறைக்குள் நீர் புகாது என்னும் வாதம் திருப்தி அளிக்காது. அவருடைய ஐயம் நியாயமானதே.

இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார், 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலிருந்த கைவிடப்பட்ட அறையொன்றில், மெய்யான கழிவை வையாது மின்சார வெப்பிகளைப் பதித்து, பாறையில் வெப்பம் பரவும் விதத்தையும் அதனால் எழும் அழுத்தத்தையும் எட்டாண்டுக் காலம் அளந்தனர். வெப்பத்தைப் பற்றி அப்பரிசோதனை பேசிற்று. நீரின் நெடுங்காலச் சஞ்சாரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச இயலாது. 2012இல் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில் கழிவுக் கிடங்கிற்கான இடமாகக் கோலாரின் பெயர் அடிபடவே, அவ்வூரார் கிளர்ந்தெழ, அரசு பின்வாங்கியது. ஆயினும் 2013 மே 6ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமைக்கப் பணித்தது.

ஆபத்து பாறையிலிருந்து மட்டும் வருவதன்று. பதினாயிரம் ஆண்டுகளுக்குப் பாதுகாப்பைக் கணக்கிட்டு, 1999இல் கழிவேற்கத் தொடங்கிய அமெரிக்க நாட்டு நியூ மெக்ஸிகோ உப்புப் பாறைக் கிடங்கில், 2014 பிப்ரவரியில் பீப்பாய் ஒன்று வெடித்ததற்கு ஹேது பாறையன்று. பூனை மலஜலத்தை உறிஞ்சப் பயன்படும் தாவரத் தூளை, நைட்ரேட் உப்புகளோடு கலந்து அடைத்ததேயாம். கிடங்கு ஏறக்குறைய மூன்றாண்டுகள் கழிவேற்காது நின்றது.