நேரா சிரிக்கிறது யாருக்காக?

போன மாசம் பதுளை டவுன்ல ஒரு ஸ்டூடியோவுக்கு விண்ணப்பப் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். "தங்கச்சி, கொஞ்சம் நேரா சிரிங்க" என்றார் போட்டோக்கார அண்ணன். நான் நேராகத்தான் சிரித்தேன். வாய்தான் வலது பக்கம் போய்விட்டது.

ஏ.எல். படிக்கும்போது ஒரு நாள் காலையில் எழும்பினால் முகத்தின் இடது பக்கம் அசையவில்லை. வாய் கொப்பளித்தால் தண்ணி ஓரமா வழிந்தது. லயத்தில் எல்லாரும் "காத்து அடிச்சிருச்சு" என்றார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மருந்துச்சாலை பூட்டு. எண்ணெய், கசாயம், திருநீறு என்று ஒரு வாரம் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நோயின் பேர் பெல்ஸ் பால்சி. 72 மணித்தியாலத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் முழுசா குணமாகிற வாய்ப்புக் கூடும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முக்கால்வாசிதான் சரியானது. இப்பவும் சிரித்தால் இடது கண் தானாகச் சுருங்கும்.

கம்பஸ்ல ரூம்மேட் ஒருத்தி சொன்னாள்: "கொழும்புல ஊசி போடுறாங்க, போட்டா வாய் நேராயிரும்." அவள் சொன்ன விலை அம்மாவின் ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டியது. 2024இல் கூட்டின பிறகும் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. வரலாறு படிக்கிற பிள்ளை என்பதால் அந்த ஊசியின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

அது தொடங்கியது ஒரு நஞ்சில். 1820களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பேர்க்கில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன இறைச்சித் தொத்தலைச் சாப்பிட்டுச் செத்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த நஞ்சைத் தானே கொஞ்சம் சாப்பிட்டும் பார்த்தார். ஒரு நாள் இது மருந்தாகும் என்று சொன்னவரும் அவர்தான். 1895இல் பெல்ஜியத்தில் ஒரு செத்த வீட்டில் வாசிக்கப் போன இசைக்காரர்கள் பன்றியிறைச்சி தின்று விழுந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கெம் நஞ்சை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார். 1970களில் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் அதே நஞ்சை மிகமிகக் குறைந்த அளவில் மாறுகண்ணுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். 1989இல் அமெரிக்கா அதை மருந்தாக அங்கீகரித்தது. நெற்றிச் சுருக்கத்துக்கு, அதாவது அழகுக்கு, அங்கீகாரம் வந்தது 2002இல்தான்.

நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை இந்த ஊசி தடுக்கும். மூன்று நாலு மாசத்தில் வேகம் குறைந்துவிடும், திரும்பப் போட வேண்டும். என்னை யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். வாய் கோணினவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல பக்கத்தில்தான் போடுகிறார்கள். சோர்ந்த பக்கத்துக்குப் பலம் கொடுக்க முடியாததால், பலமான பக்கத்தைக் குறைத்துச் சமமாக்குகிறார்கள்.

அப்படியென்றால் என்னுடையது நோயா, அழகா? எங்க தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. கோப்பிக் காலத்தில், 1872இல், தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் கொடுக்க அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்த வைத்தியத்தின் பின்னால் எப்பவும் நின்ற கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் நாளைக்கு பிரட்டுக்கு வருமா, பேர் போட முடியுமா? கொழுந்து பறிக்க வாய் நேராக இருக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கில் என் முகம் நோயே இல்லை.

ஆனால் எங்க சிரிப்புக்கு விலை போட்டவர்களும் உண்டு. 1890இல் தோமஸ் லிப்டன் ஊவாவுக்கு வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கினார். 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை உருவானது. அப்போதிருந்து இன்றைக்கு வரைக்கும், கூடையோடு சிரிக்கிற பெண்ணின் படம் தேயிலையோடு உலகம் முழுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அட்டையும் மழையும் அந்தப் படத்தில் இல்லை.

எங்க வீட்டிலிருக்கும் மிகப் பழைய போட்டோ அம்மாயியுடையது. அதில் சிரிப்பு இல்லை. 1948 சட்டம் எங்க ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். அம்மாயியின் படம் அந்தக் கடதாசிகளுக்காக எடுத்தது. அவங்க அண்ணன் கப்பல் ஏறினார், அவங்க இங்கே நின்றாங்க. "சிரிச்சா பாஸ்போட் தரமாட்டாங்கன்னு பயம்" என்று சொல்வாங்களாம்.

ஆக, தேயிலைப் பெட்டிக்குச் சிரிக்கணும், அரசாங்கத்துக்குச் சிரிக்கக் கூடாது. எங்க முகம் எப்படி இருக்கணும் என்று எப்பவும் வேற யாரோதான் சொல்லியிருக்கிறார்கள். இப்போது நான் ஊசி போட நினைப்பதும் அதே வரிசையில் வருமா? வரலாம். ஆனால் அதைச் சொல்லி எனக்கு நானே குற்றம் சுமத்தவும் விருப்பமில்லை. கண்ணாடி பார்க்கும்போது வருகிற வருத்தம் உண்மை. சிரிக்கையில் கண் இழுக்கிறது ஒரு நோய்க்குறி, அதற்கு இந்த ஊசியே வைத்தியமாகவும் கொடுக்கப்படுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கே உன்னைத் தூக்கிட்டு ஓடியிருக்கணும்" என்றாங்க. எனக்குக் கோபம் அம்மா மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்த கதவு மேல்தான்.

முடிவு இதுதான்: அழகு நிலையத்துக்குப் போகவில்லை. முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி நரம்பு கிளினிக்குக்குப் போய், கண்ணுக்கு என்ன செய்யலாம், முகப் பயிற்சி உதவுமா என்று கேட்கப் போகிறேன். ஊசி வேண்டுமென்று டொக்டர் சொன்னால் போட்டுக்கொள்வேன். யாருக்காவது காலையில் எழும்பும்போது முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தால், கசாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

விண்ணப்பத்துக்கு அந்தக் கோணல் போட்டோவையே அனுப்பிவிட்டேன்.