வழைக்கண்ணியும் டாரட் மலரும்

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியும் அதன் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடமும் ஒரே மலைத்தொடரைச் சார்ந்தவை. பின்னதைச் சங்ககாலப் பொதியிலாகக் கொள்வது பெருவழக்கு. பொதியிலுக்குரிய ஆய் அண்டிரன், வழைப்பூக் கண்ணி சூடியவனாகப் புறநானூற்றின் 131ஆம் பாடலில் காட்சி தருகிறான். பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். வழையாவது சுரபுன்னை. மேற்குமலையின் பசுமைமாறாக் காட்டில் வளரும் மரமாதலின், அண்டிரன் தன் மலையில் பூத்ததையே தலையில் சூடினான் எனலாம்.

இதனை வெறும் அணியெனக் கொள்வதற்கில்லை. வேந்தர் மூவர்க்கும் போந்தை, வேம்பு, ஆர் எனப் பூ வகுத்த தொல்காப்பியப் புறத்திணையியல், பகைவேந்தரிடையே இன்னார் எனத் தெரிதலை அதற்குக் காரணமாகக் கூறுகிறது. பூ ஈண்டு ஆளைக் காட்டும் அடையாளம். வெட்சியும் தும்பையும் வினையைக் காட்டுவன. ஆநிரை கவர்வதும் களத்தில் பொருவதும் அவற்றின் பெயராலேயே திணைகளாயின.

மேலைநாட்டு டாரட் சீட்டுகளிலும் மலர்கள் பொருள் சுட்டுவதால் இவ்விரண்டையும் ஒப்பிடத் தோன்றுவது இயல்பே. ஆயின் வரலாறு வேறு. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றிய டாரட், முதலில் விளையாட்டுச் சீட்டே. அது எகிப்திய ஞானநூல் என்று 1781இல் பாரிசில் கூர் த ஜெபெலின் எழுதியதற்குச் சான்றில்லை. இன்று பரவலாக அறியப்படும் மலர்களுட் பல, 1909இல் இலண்டனில் வெளியான சீட்டுக்கட்டில் ஏ. இ. வெயிட்டின் கருத்துப்படி பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. மந்திரவாதிச் சீட்டின் ரோசாவும் லில்லியும் அத்தகையன. (லில்லியை அல்லி எனப் பெயர்ப்பது பொருந்தாது, அல்லி நீர்ப்பூ.)

சாவுச் சீட்டு இன்னும் தெளிவான சான்று. பழைய மார்செய் வகைச் சீட்டில் எலும்புருவின் கையில் இருப்பது அரிவாள், பூ இல்லை. ஸ்மித் தீட்டியதிலோ கரிய கொடியில் வெள்ளை ரோசா. அது உயிரைக் குறிக்கும் என வெயிட் தம் நூலில் உரைத்தார்.

தும்பையும் வெண்பூவே; சாவின் களத்திற்கே உரியது. ஆனால் அதன் பொருளை எந்தத் தனியாசிரியரும் ஓராண்டில் வகுத்து நூலிற் சேர்க்கவில்லை. மேலும், சீட்டின் ரோசா வரையப்பட்ட மலர். அதைப் பார்ப்பவன் பொருளுரையை நாடுகிறான். தும்பையோ சூடப்பட்ட மலர். அதைத் தலையில் கண்ட மாற்றான், வந்தவன் பொரவே வந்தான் என்பதை அறிந்தான்.