வண்டியை நிறுத்தக் கூடாத சாலை

நடந்து செல்பவருக்காக ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிறாரா என்பதை ஓர் ஊரின் நாகரிகத்துக்கு அளவுகோலாகக் கொள்வது நம் காலத்தின் வழக்கம். வரிக்குதிரைக் கடவை 1951இல் பிரிட்டனில் சட்டவடிவம் பெற்றது. அங்கே காலெடுத்து வைத்தால் கார் நிற்கிறது, சென்னை அண்ணா சாலையில் நிற்பதில்லை என்ற ஒப்பீட்டை வெளிநாடு சென்று திரும்பிய எல்லாரிடமும் கேட்டிருக்கிறோம். இந்த அளவுகோல் செல்லுபடியாகாத ஒரு சாலை இந்தியாவிலேயே உண்டு. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே திக்லிபூர் வரை செல்லும் அந்தமான் பெருவழிச் சாலையில், ஜிர்காட்டாங் சோதனைச் சாவடிக்கும் மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத் துறைக்கும் இடைப்பட்ட பகுதி அது. அங்கே நடந்து வருபவரைக் கண்டு வண்டியை நிறுத்துவது விதிமீறல்.

நடந்து வருபவர்கள் ஜாரவா மக்கள். அப்பெயரே பிறர் இட்டது. பெரு அந்தமானிய மொழிகளுள் ஒன்றான அகா-பேயாவில் அதற்கு 'அயலார்' என்று பொருள் என்பது பரவலான விளக்கம். அவர்கள் தம்மை 'அங்' என்கின்றனர். மக்கள் என்பதே பொருள். தம் காட்டில் அயலார் என்னும் பெயரோடு வாழ்பவர்களைப் 'பாதசாரி' என்று அழைப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சாலை முதலில் இருந்தால்தானே பாதசாரி? இங்கே நடை முந்தியது, சாலை பிந்தியது.

1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையை அடுத்து 1957இல் இக்காடு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் எழுபதுகளில் அதனூடே சாலை வெட்டப்பட்டது. அம்புகள் பாய்ந்தன, தொழிலாளர்கள் மடிந்தனர். 1996இல் கால் முறிந்த ஜாரவா இளைஞர் ஒருவர் போர்ட் பிளேர் மருத்துவமனையில் பல மாதங்கள் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். 1997 அக்டோபரில் அவர்கள் வில்லின்றிக் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கினர்.

அதன்பின் வண்டிகள் நின்றன. வாழைப்பழம், பிஸ்கட், புகையிலை கைமாறின. கொடுத்தவர்களில் பலர் அதை அன்பென்றே நம்பியிருப்பர். 1999இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியது. 2011 கணக்கெடுப்பின்படியே 380 பேர் கொண்ட சமூகத்துக்குத் தொற்று என்பது இருப்பையே அசைக்கும் செய்தி.

காப்பகத்தை ஊடுருவும் பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. அதற்கு ஈடாக வளர்ந்ததுதான் இன்றைய நடைமுறை: குறித்த நேரத்தில் காவலோடு வரிசையாகச் செல்ல வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது, முந்தவோ நிறுத்தவோ படமெடுக்கவோ உணவு தரவோ கூடாது. இத்தனை விதிகளும் இருக்கும்போதே, சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காணொளி 2012 ஜனவரியில் வெளிவந்தது. விலங்குக் காட்சிச்சாலைக்குப் போகும் மனநிலையோடு ஒருவர் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், அந்த மெதுவான ஓட்டத்தை மரியாதை என்று சொல்ல இயலாது. மறுநாடுகளில் வேகத்தைக் குறைப்பது வழிவிடுவதற்காக. இங்கே அது பார்ப்பதற்கு வாய்ப்பாகிவிடுகிறது.

2013 ஜனவரியில் நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகளுக்கு விதித்த இடைக்காலத் தடை மார்ச்சில் விலகியது. மாயாபந்தரிலும் திக்லிபூரிலும் வாழும் குடியேறிகளுக்கு, தமிழ்க் குடும்பங்கள் உட்பட, நோயாளியைத் தலைநகருக்குக் கொண்டுசெல்லும் தரைவழி இது ஒன்றே. அவர்தம் தேவையைப் பயணியின் வேடிக்கையோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமன்று. பாராடாங்குக்கு 2017இல் கடல்வழி தொடங்கப்பட்டது பயணிகளை அப்பக்கம் திருப்பவே. எனினும் ஜிர்காட்டாங்கில் விடியுமுன் வண்டிகள் வரிசைகட்டி நிற்பது நின்றபாடில்லை.